குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஏற்படும் தொற்றுக் கணக்கை வெளியிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் விரிவாக்கப்படுவதைப் பற்றியும், புதிய வென்டிலேட்டர்கள் வந்து சேர்வதைப் பற்றியும் தங்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறேன். மனதுக்கு மகிழ்ச்சி தரும் செய்திகள் அவை. ஆனால் அந்தக் கட்டில்களில் கிடத்தப்பட்ட குழந்தைகளில் எத்தனை பேருக்கு மருத்துவமனைக்குள்ளேயே புதிதாக ஒரு தொற்று ஏற்பட்டது என்ற கணக்கை இதுவரை எந்தச் செய்தியிலும் நான் கண்டதில்லை. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அந்தக் கணக்கைப் பொதுமக்கள் கேட்டுப் பெற வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கடும் நிமோனியாவோ, டெங்குவோ, மூளைக்காய்ச்சலோ கண்டு மயங்கிய நிலையில் ஒரு குழந்தை கொண்டுவரப்படுகிறது. முதல் மூன்று நான்கு நாட்கள் போராட்டமாக இருக்கும்; பிறகு இரத்த அழுத்தம் நிலைப்படும், சிறுநீர் சரியாகப் பிரியும், வென்டிலேட்டரின் அளவுகளைக் குறைத்துக்கொண்டே வருவோம். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ மீண்டும் காய்ச்சல் ஏறும். "நல்லாத்தானே தேறி வந்தான், மறுபடியும் ஏன் சிஸ்டர் காய்ச்சல் அடிக்குது?" என்று கதவருகே நின்று கேட்காத தாய் இல்லை. நோய் முற்றிவிட்டது என்ற பதிலே பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்கிறது. வந்த நோய் அடங்கிக்கொண்டிருக்கும்போது, கழுத்தின் பெரிய இரத்தக் குழாயில் போட்ட சென்ட்ரல் லைன் என்ற மெல்லிய குழாய் வழியாகவோ, தொண்டைக் குழாய் வழியாகவோ, சிறுநீர்க் குழாய் வழியாகவோ வேறொரு கிருமி உள்ளே நுழைந்திருக்கிறது என்பதே பல நேரங்களில் உண்மை. சேர்க்கப்பட்டு 48 மணி நேரத்திற்குப் பிறகு தோன்றும் இத்தகைய தொற்றை மருத்துவமனையில் ஏற்பட்ட தொற்றாகவே கணக்கில் கொள்ள வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் வரையறை. ஆனால், இறந்த குழந்தையின் சான்றிதழில் செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகள் பழுதாகும் நிலை) என்ற ஒற்றைச் சொல் எழுதப்படும்போது, அந்தக் கிருமி வீட்டிலிருந்து வந்ததா, வார்டிலிருந்து வந்ததா என்ற கேள்வியும் அச்சொல்லுக்குள்ளேயே புதைந்துவிடுகிறது.

அதே வார்டின் காற்றைச் சுவாசிக்கும் மருத்துவரையும் செவிலியரையும் துப்புரவுப் பணியாளரையும் ஒன்றும் செய்யாத கிருமி, தேறிவரும் குழந்தையை மட்டும் ஏன் வீழ்த்துகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் மற்றவை விளங்கும். கடும் நோய் தாக்கும்போது உடல் தன் எதிர்ப்பு அணுக்களை முழு வேகத்தில் முடுக்கிவிடுகிறது. அந்த வேகம் மிஞ்சினால் சொந்த உறுப்புகளே சேதமடையும் என்பதால் உடலே அதற்குக் கடிவாளமும் போடுகிறது. இந்த எதிர்விளைவை அமெரிக்க மருத்துவர் ராஜர் போன் 1996-இல் தெளிவாக வரையறுத்தார். சில குழந்தைகளில் அந்தக் கடிவாளம் தேவைக்கு மேல் இறுகி, நாட்கணக்கில் தளராமல் நின்றுவிடுகிறது. மோனோசைட் எனப்படும் வெள்ளணுக்கள் தம் மேற்பரப்பில் கிருமியின் துண்டுகளை ஏந்திக் காட்டுவதற்கு உதவும் எச்எல்ஏ-டிஆர் என்ற மூலக்கூறை இழக்கின்றன; கிருமியை எதிர்கொண்டாலும் அவை போதிய அளவு செயல்படுவதில்லை. இந்நிலையை எதிர்ப்பாற்றல் முடக்கம் என்கிறார்கள்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரில் உள்ள நேஷன்வைட் குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவர் மார்க் ஹால் தம் குழுவினருடன் இதைக் குழந்தைகளிடம் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார். குழந்தையின் இரத்தத்தில் சிறிதளவை எடுத்து, பாக்டீரியாவின் புறச்சுவரிலுள்ள நச்சுப்பொருளைச் சோதனைக் குழாயில் அதனுடன் கலந்து, சில மணி நேரத்தில் அந்த அணுக்கள் டிஎன்எஃப் என்ற புரதத்தை எவ்வளவு சுரக்கின்றன என்று அவர்கள் அளக்கிறார்கள்; சுரப்பு குறைந்தால் எதிர்ப்பாற்றல் முடங்கியிருக்கிறது என்று பொருள். அந்த அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே விழுந்த குழந்தைகளிடம் மருத்துவமனைத் தொற்றும் மரணமும் அதிகம் என்பதை, பல உறுப்புகள் செயலிழந்த குழந்தைகளிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். செப்சிஸ் வந்த குழந்தைகளோடு இது நிற்பதில்லை. இதய அறுவை சிகிச்சைக்காகச் செயற்கை இதய-நுரையீரல் கருவியில் இணைக்கப்பட்ட குழந்தைகளிடமும், விபத்தில் கடுமையாகக் காயமடைந்த குழந்தைகளிடமும், கடும் இன்ஃபுளூயன்சாவில் சிக்கிய குழந்தைகளிடமும் இதே முடக்கம் காணப்பட்டிருக்கிறது.

இந்தச் சோதனை நம் மருத்துவமனைகளில் அன்றாடம் செய்யப்படுவதில்லை. ஆனாலும் நம் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் எளிய அடையாளம் இருக்கிறது. பிட்ஸ்பர்க் நகர மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளணு வகையின் எண்ணிக்கை ஒரு கன மில்லிமீட்டருக்கு 1,000-க்குக் கீழே ஏழு நாட்களுக்கு மேல் நீடித்த குழந்தைகளிடம் மருத்துவமனைத் தொற்றும் மரணமும் மிகுந்திருந்தன. இறந்த குழந்தைகளின் மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் அந்த அணுக்கள் வற்றிப்போயிருந்தன. இந்த எண்ணை அறியத் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. எந்த அரசு மருத்துவமனையிலும் தினமும் எடுக்கப்படும் இரத்த அணுக்கள் பரிசோதனையிலேயே அது இருக்கிறது. மொத்த வெள்ளணுக்கள் 15,000, அதில் லிம்போசைட் 5 சதவீதம் என்று சீட்டில் வந்தால், 15,000 என்ற எண்ணைப் பார்த்து உடல் நன்றாகப் போராடுகிறது என்று எண்ணத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் லிம்போசைட் 750 மட்டுமே. ஆரோக்கியமான கைக்குழந்தைக்கு அது சில ஆயிரங்களில் இருக்க வேண்டியது. அந்த எண்ணை நாள்தோறும் வட்டமிட்டு வைக்கும் வழக்கம் மட்டும் வந்துவிட்டால்கூட, எந்தக் கட்டிலில் இருக்கும் குழந்தையிடம் நம் கை இரட்டிப்புக் கவனத்தோடு நெருங்க வேண்டும் என்பது காலைச் சுற்றிலேயே தெரிந்துவிடும்.

அப்படியானால் எதிர்ப்பாற்றலைக் கூட்ட மருந்து கொடுக்கலாமே என்று பெற்றோர் கேட்பார்கள். சத்து மருந்து வாங்கி வரட்டுமா என்று கேட்டுக் கடன் வாங்கத் தயாராக நின்ற தகப்பன்மார் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டிய செய்தி இது. துத்தநாகம், செலினியம், குளூட்டமின் ஆகியவற்றுடன் மெட்டோகுளோப்ரமைடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் தொற்று குறைகிறதா என்று அமெரிக்காவில் 293 குழந்தைகளிடம் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் பால் புரதம் பெற்ற குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் ஒட்டுமொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற ஊசி மருந்து முடங்கிய மோனோசைட்டுகளை மீட்டெழச் செய்வதாக மார்க் ஹால் குழுவினர் 14 குழந்தைகளிடம் செய்த சோதனையில் நம்பிக்கை தரும் அறிகுறிகள் தெரிந்தன. ஆனால் 14 பேரிடம் கிடைத்த பலனை வைத்து எல்லாக் குழந்தைகளுக்கும் அம்மருந்தைப் பரிந்துரைக்க முடியாது. ஆகவே, குழந்தையின் சொந்த எதிர்ப்பாற்றல் மீண்டெழும் வரை கிருமியை அதன் அருகே வரவிடாமல் காப்பதும், இருக்கும் ஆற்றலை நாமே மேலும் குறைத்துவிடாமல் இருப்பதுமே இன்று நம்மால் உறுதியாகச் செய்யக்கூடியவை.

குறைத்துவிடாமல் இருப்பது என்று நான் சொல்வதில் மருத்துவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தெளிவான காரணமின்றித் தொடரும் ஸ்டீராய்டு, வழக்கம் என்பதற்காகவே எழுதப்படும் வயிற்று அமிலக் குறைப்பு மருந்து, கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் சோதனையின் முடிவு வந்த பிறகும் நிறுத்தப்படாத நுண்ணுயிர்க்கொல்லிகள், நாட்கணக்கில் பட்டினி போடுவது ஆகியவை அவற்றில் அடங்கும். இரத்தம் ஏற்றுவதும் அப்படித்தான். நிலைமை சீரடைந்த குழந்தைக்கு ஹீமோகுளோபின் 7 கிராம் வரை இறங்கும் வரை பொறுத்திருப்பது, 9.5 கிராமிலேயே ஏற்றுவதைவிட எவ்வகையிலும் கெடுதல் இல்லை என்பது 637 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில் நிறுவப்பட்டுவிட்டது. நம் மாநிலத்தில் எடை குறைந்த, சத்துக்குறைவுள்ள குழந்தைகள் தீவிர சிகிச்சைக்கு வருவது இன்றும் உண்டு. அவர்கள் வாசலைத் தாண்டும்போதே பாதி எதிர்ப்பாற்றலை இழந்துதான் வருகிறார்கள்.

இனி, கிருமியை அருகே விடாதிருப்பது. இதைச் செய்வது பெரும்பாலும் செவிலியரின் கைகள்தாம் என்பதால் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். சென்ட்ரல் லைன் போட்டிருக்கும் குழந்தைக்கு மருந்து செலுத்தவும், இரத்தம் எடுக்கவும், திரவம் மாற்றவும் ஒரே நாளில் எத்தனையோ முறை அந்தக் குழாயின் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஆல்கஹால் பஞ்சால் அந்த வாயைச் சுற்றிலும் அழுத்தி 15 வினாடிகளாவது தேய்த்து, காயவிட்டு, அதன் பிறகே ஊசிக்குழலைப் பொருத்த வேண்டும். அதற்கு முன் கையில் திரவம் ஊற்றித் தேய்த்துக்கொள்ள 20 முதல் 30 வினாடிகள் ஆகும். ஒரு செவிலியரிடம் ஒரு குழந்தை இருந்தால் இது கடினமே இல்லை. வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு குழந்தைக்கு ஒரு செவிலியர் என்பதே ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறியும்கூட.

நான் பணியாற்றிய ஓரிடத்தில் இரவுப் பணியில் ஒருவருக்கு மூன்று குழந்தைகள், சில இரவுகளில் நான்கு குழந்தைகள் இருந்தார்கள். ஒரு குழந்தையின் தொண்டைக் குழாயில் சளி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அடுத்த கட்டிலில் அலாரம் அடிக்கிறது. திரும்பிப் பார்த்தால் அந்தக் குழந்தையின் ஆக்சிஜன் அளவு 80-ஐத் தொட்டுவிட்டது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிறவள், இரண்டு கட்டில்களுக்கு இடையில் நின்று அரை நிமிடம் கைகளைத் தேய்த்துக்கொண்டிருப்பாளா? மூச்சு நின்றுவிடும் என்று தெரிந்தால் எந்தத் தாயும் ஓடத்தான் செய்வாள். செவிலியரும் அப்படியே ஓடுகிறாள். முதல் குழந்தையின் சளியிலிருந்த கிருமி இரண்டாம் குழந்தையின் குழாய்க்குப் போய்ச் சேர அது போதும். மறுவாரம் கல்ச்சர் முடிவு வரும்போது, கை கழுவுவதில் ஊழியர்கள் அலட்சியம் என்று சுற்றறிக்கை வரும். அந்தச் சுற்றறிக்கையில் அன்றைய இரவின் பணிப்பட்டியலையும் சேர்த்து அச்சிட்டிருந்தால் காரணம் யாருக்கும் விளங்கியிருக்கும்.

சலைன் பாட்டில் ஒன்றில் ஊசியைக் குத்தியே வைத்துவிட்டு, அதிலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் எடுத்துக் குழாயைக் கழுவிவிடும் பழக்கத்தை இன்னும் சில இடங்களில் காண முடிகிறது. சிறு குப்பிகள் வாங்கச் செலவு கூடும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்த ஒரு பாட்டிலில் கிளெப்சியெல்லா புகுந்துவிட்டால் வார்டு முழுவதும் அதே கிருமி. கை கழுவும் தொட்டியை ஒட்டிய மேடையிலேயே மருந்து கலக்குவதும் அதே போன்ற ஆபத்துதான். தொட்டியின் வடிகுழாயில் சூடோமோனாஸ் குடியிருக்கிறது, தண்ணீர் தெறிக்கும்போது அதுவும் சேர்ந்து தெறிக்கிறது. இவற்றைத் திருத்தப் பெரும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை, அன்றாடம் ஒருவர் நின்று பார்த்தால் போதும்.

இவையெல்லாம் திருத்த முடியாதவை என்று எவரேனும் சொன்னால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தை நினைவுபடுத்த விரும்புகிறேன். அங்கே 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கை கழுவுதல், முழுக் கவசத்துடன் குழாய் பொருத்துதல், தோலைக் குளோரெக்சிடினால் சுத்தம் செய்தல், தொடை இரத்தக் குழாயைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே நீக்குதல் என்ற ஐந்து எளிய செயல்களை வலியுறுத்தினார்கள். 1,000 குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய் நாள்) 2.7 என்றிருந்த இரத்தத் தொற்றின் இடைநிலை விகிதம் மூன்றே மாதத்தில் பூஜ்யமானது. 2006-இல் அது வெளியிடப்பட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் குழந்தைகளைப் பொறுத்தவரை எனக்கு இன்னும் முக்கியமாகப்படுவது, அந்நாட்டின் 29 குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2010-இல் வெளியான முயற்சி. அங்கே தொற்று 43 சதவீதம் குறைந்தது. அந்தக் குறைவு, குழாயைப் பொருத்தும் நேரத்து ஒழுங்கைவிட, பொருத்திய பின் ஒவ்வொரு நாளும் அதைப் பராமரிக்கும் ஒழுங்கைப் பொறுத்தே அமைந்திருந்தது. பொருத்துவது மருத்துவரின் சில நிமிட வேலை. பராமரிப்பது செவிலியர்களின் பல நாள் வேலை. செவிலியர் எண்ணிக்கையைத் தொடாமல் குழந்தைகளின் தொற்றைக் குறைக்க முடியாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

மிச்சிகனில் இன்னொன்றும் செய்தார்கள். அவசரமில்லாத நேரத்தில் மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால் அவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தைச் செவிலியருக்குக் கொடுத்தார்கள். நம் வார்டுகளில் இளம் செவிலியர் ஒருவர் மூத்த மருத்துவரைப் பார்த்து, "சார், கை கழுவிட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு மறுநாள் நிம்மதியாகப் பணிக்கு வர முடியுமா என்பதைத் துறைத்தலைவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பாதுகாப்பை எழுத்து மூலம் தரும் ஓர் அரசாணை எந்தக் கருவியையும்விட மலிவானது.

பெற்றோரால் தொற்று வரும் என்று கூறித் தாயை வாசலிலேயே நிறுத்திவிடும் பழக்கத்தையும் மறு ஆய்வு செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள பச்சிளங்குழந்தைகளைப் பிறந்ததும் தாயின் மார்போடு சேர்த்து அணைத்து வைத்து, தாயையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தங்கச் செய்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2021-இல் வெளியானது. இந்தியாவும் அதில் பங்கேற்றது. வழக்கமான முறையில் 15.7 சதவீதமாக இருந்த இறப்பு, தாயுடன் இருந்த குழந்தைகளிடம் 12 சதவீதமாகக் குறைந்தது. செப்சிஸ் ஐயமும் குறைவாகவே இருந்தது. கை கழுவக் கற்றுக்கொடுத்து உள்ளே அனுமதித்தால் தாய் நமக்குத் துணையாளி ஆவாள். தாய்ப்பாலில் வரும் எதிர்ப்புப் பொருள்களுக்கு ஈடாக எந்த மருந்துக் கடையிலும் ஒன்றும் கிடைப்பதில்லை.

நம் நாட்டு நிலை எவ்வளவு கடுமையானது என்பதற்குத் தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை 13,530 பச்சிளங்குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வே போதும். அங்கே முதலிடத்தில் இருந்த கிருமி அசினெட்டோபாக்டர். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பல மருந்துகளுக்கும் கட்டுப்படாதவை. மருத்துவமனைச் சூழலில் வாழும் கிருமி, பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள்ளேயே பல குழந்தைகளின் இரத்தத்தில் இருந்தது. வசதி குறைந்த நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 15 பேருக்கு அங்கேயே ஒரு தொற்றாவது ஏற்படுகிறது என்றும், முறையான தடுப்பு நடவடிக்கைகளால் இத்தகைய தொற்றுகளில் 70 சதவீதம் வரை தவிர்க்கலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அறிவித்தது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பற்றி இந்திய மருத்துவ அமைப்புகள் 2012-இல் கூடி வெளியிட்ட பிரகடனம் சென்னையின் பெயரையே தாங்கி நிற்கிறது. அந்த ஊரைத் தலைநகராகக் கொண்ட மாநிலம் இதில் முன்னே நிற்க வேண்டாமா?

இங்கிலாந்தில், பல நுண்ணுயிர்க்கொல்லிகளுக்குக் கட்டுப்படாத எம்ஆர்எஸ்ஏ என்ற கிருமியால் ஏற்படும் இரத்தத் தொற்றை ஒவ்வொரு மருத்துவமனையும் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2001-இல் விதித்தார்கள். எண்கள் வெளியில் வந்து, இலக்கும் விதிக்கப்பட்ட பிறகு, அத்தொற்று வெகுவாகக் குறைந்தது. இங்கும் ஒவ்வொரு குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவும், 1,000 குழாய் நாட்களுக்கு எத்தனை இரத்தத் தொற்று, 1,000 வென்டிலேட்டர் நாட்களுக்கு எத்தனை நிமோனியா என்பதையும், அவற்றுடன் ஒவ்வொரு பணிநேரத்திலும் ஒரு செவிலியருக்கு எத்தனை குழந்தைகள் இருந்தார்கள் என்பதையும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை வெளியிட வேண்டும். இரண்டு எண்களும் அருகருகே அச்சாக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனெனில் முதல் எண்ணை மட்டும் வெளியிட்டால் பழி கடைசியில் நிற்கும் ஊழியரின் தலையில் விழும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இணைந்து குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் இதையே நிபந்தனையாக்கலாம். மக்கள் பணம் அங்கும் போகிறது. கணக்கை ஒளிக்காமல் எழுதும் மருத்துவமனையின் எண் முதலில் கூடுதலாகத்தான் தெரியும் என்பதால், தொடக்க ஆண்டுகளில் அதற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது.

தொற்றுத் தடுப்பு தொடர்பான தேசிய வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்டது. குறைந்தபட்சம் 250 படுக்கைகளுக்கு ஒருவராவது முழுநேரத் தொற்றுத் தடுப்புப் பணியாளராக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடைமுறையில், அந்தப் பெயரில் நியமிக்கப்படும் செவிலியரே ஆள் குறைந்த நாளில் வார்டுக்கும், முகாம் நாளில் முகாமுக்கும், ஆய்வுக்குழு வரும் வாரத்தில் கோப்பு எழுதவும் அனுப்பப்படுகிறார் என்பதைப் பலரும் அறிவோம். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் இப்பணியிடத்தை வேறெந்த வேலையும் சுமத்தப்படாத தனிப் பணியிடமாக அறிவித்து, வரும் நிதியாண்டுக்குள் நிரப்ப வேண்டும் என்று சுகாதாரத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.